திரையில் நெளிந்த எழுத்துகள்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான், ராஜபாளையத்தில் சொந்த அச்சகம் வைத்தவன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் அச்சேறியதில்லை. யாரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் திடீரென்று கம்ப்யூட்டரில் எழுத்துகள் நெளிய ஆரம்பித்தன, நடுவில் அழிந்தன. ஃபான்ட்டை மாற்றினேன். புது மானிட்டர் வாங்கினேன். நெளிவு போகவில்லை.

"ஏட்டி செல்வி, என்னத்தப் போட்டுக் கெடுத்த?" என்று டைப் அடிக்கும் பெண்ணிடம் கத்தினேன்.

"எனக்கு நல்லாத்தான தெரியுது அண்ணாச்சி!" என்றவள், அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீட்டினாள்.

காகிதத்திலும் எழுத்துகள் நெளிந்தன. அவளோ தடங்கலில்லாமல் வாசித்தாள்.

வலது கண்ணைப் பொத்தினேன். வரிகள் நேராயின. இடதைப் பொத்தினேன். மறுபடி நெளிந்தன.

"விழித்திரை கெட்டிருக்கு. வலது கண்ணுல போன பார்வை திரும்பாதுங்க. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் கண் டாக்டர்.

இப்போது ஒவ்வொரு தாளையும் செல்வியிடம் நீட்டி, "ஏட்டி, தப்பு ஏதும் இருக்கா?" என்று கேட்கிறேன். இத்தனை காலம் அதை எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.