சின்ன இன்ஜினின் சேஃப்டி வால்வு

பிள்ளைகளே, வேலம்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான் பாய்லர் ஆபரேட்டராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே நான் செய்த ஒரு தப்பை இதுவரை சொன்னதில்லை. செல்போனில் கேமரா வந்த புதுசில் நடந்தது.

1. அடிவயிற்றில் பல்சக்கரம்

ஒரு காலை முதலாளி பனியன் துணியில் சுற்றிய பொருளை என் டேபிளில் வைத்தார். இரண்டடி நீள ரயில் இன்ஜின். பொம்மை என்று நினைத்துத் தூக்கினால் நல்ல கனம். உள்ளே செம்பு பாய்லர், கரி அடுப்பு, பிரஷர் கேஜ், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு. நிஜமாகவே ஆவியில் ஓடுவது.

"எங்க அப்புச்சி, அம்மாளப் பெத்தவரு, வெச்சிருந்ததுங்க. அம்மா பங்குக்கு வந்துச்சு. என்ன இன்ஜின்னே ஒருத்தருக்கும் தெரியல. ஞாயித்துக்கெழம அம்மாளுக்கு எழுவது வயசு முடியுது. ஓட்டிக் காட்டோணும். ஆகுமா ஜெபராஜு?"

"பாத்துட்டுச் சொல்லுதேன் மொதலாளி."

பெயர்ப்பலகை இல்லை. கவிழ்த்து மண்ணெண்ணெயில் கழுவியபோது அடியில் ஒரு பல்சக்கரம் தெரிந்தது. ரயிலுக்கு எதற்குப் பல்சக்கரம்? டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில், தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்லைப் பிடித்துத்தான் ஏறும். அதன் சின்ன உருவம் இது.

2. இரண்டு சுற்று

இறுகியிருந்த பிஸ்டன் நான்கு நாள் எண்ணெயில் ஊறி அசைந்தது. வால்வைத் தனியாகக் கழற்றி, அழுத்தக் காற்று வரும் ஏர் லைனில் வைத்துப் பார்த்தேன். கேஜில் சிவப்புக் கோடு அறுபது பவுண்டில் இருந்தது. வால்வோ முப்பதிலேயே திறந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று, அறுபதில் திறக்கும்படி இரண்டு சுற்று டைட் பண்ணினேன்.

யோசிக்கவே இல்லை. அது எனக்குக் கைவந்த பழக்கம். பெரிய பாய்லரிலும் அதைத்தான் செய்திருந்தேன். வால்வு திறந்து பிரஷர் இறங்கினால் டையிங் மாஸ்டர் கத்துவார்: "ஸ்டீம் எங்கய்யா? கலர் ஏற மாட்டேங்குது. பாய்லர் ஓட்டறியா, தூங்கறியா?" ஒரு நாள், வால்வை யாரும் திருகாமலிருக்கக் கம்பியில் கோத்திருந்த ஈய முத்திரையை, அதாவது சீலை, நறுக்கி, டைட் பண்ணி, கம்பியைப் பழையபடி முறுக்கிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை முதலாளியின் அம்மா சின்ன இன்ஜினைப் பார்க்க வந்தார். வால்வை விரலால் தொட்டார்.

"நான் சின்னப்புள்ளையா இருக்கறப்ப ஒருக்கா ஓட்டுனாருங்க எங்கய்யன். அடுப்புக்குள்ள ஒழுகிப்போச்சு. இனி இது பாதி பிரஷர்தான் தாங்கும்னு வால்வ அவரே தளத்தி வெச்சாரு. அப்பறம் பத்த வெக்கவே இல்ல."

அதைத்தான் நான் இரண்டு சுற்று இறுக்கியிருந்தேன். அவர் போனதும் பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வால்வு ஓட்டையை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தேன். நாற்பத்தைந்தில் அடுப்பின் ஜாயின்ட் விட்டு என் மணிக்கட்டில் தண்ணீர் பீய்ச்சியது. பச்சைத்தண்ணீர் என்பதால் நனைந்ததோடு போயிற்று. மறுநாள் ஆவியாக இருந்திருந்தால், மேஜையைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் முகம் வைத்து நின்றிருப்பார்கள்.

"நாளைக்கு ஓட்டக் கூடாது மொதலாளி."

"சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சேப்பா!"

முதலாளியின் அம்மா, எங்களுக்கெல்லாம் பெரியம்மா, அவர்தான் தீர்த்துவைத்தார். "அறுவது வருசமா சும்மா கெடந்துச்சு. இன்னம் பத்து நாளைக்குக் கெடக்கட்டும், உடு கண்ணு."

3. திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்கப் பெரிய பாய்லரின் வால்வையே நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கள் காலை முதலாளி அறைக்குப் போய்ப் பெரிய பாய்லரின் சீலை நறுக்கி வால்வை இறுக்கியதைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

"ஏழு மாசமா."

"பாய்லருக்குப் பக்கத்துச் செவுத்துக்கு அந்தாண்ட முப்பது பேரு நிக்கறாங்களேய்யா. வேல போயிரும்னு பயந்துட்டியா?"

"ஆமா மொதலாளி."

"இப்ப பயமில்லியா?"

"இருக்கு. ஆனா அந்த வால்வ நெனைச்சா அதவிடப் பயமா இருக்கு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "நெருப்ப அணை. வால்வு ஆளக் கூப்புடு" என்றார். அன்று முழுக்க ஸ்டீம் இல்லை. வால்வை டெஸ்ட் பண்ணிப் புது சீல் போட்டார்கள்.

சின்ன இன்ஜினின் ஜாயின்ட்டை வெள்ளி உருக்கிப் பற்றவைத்து, மறுபடி தண்ணீர் டெஸ்ட் பண்ணி, வால்வைப் பெரியம்மாவின் அப்பா வைத்த முப்பதுக்கே திரும்பத் தளர்த்தினேன். துணி பார்க்கும் செக்கிங் டேபிளில், சக்கரம் பலகையைத் தொடாமல் கட்டை கொடுத்து ஓட்டினோம். முப்பது வந்ததும் வால்வு உஸ்ஸென்று சீறியது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். பெரியம்மா மட்டும் நகரவில்லை. "எங்கய்யன் வெச்ச எடத்துலயே தொறக்குது பாரு" என்றார்.

அடுத்த வாரம் பெரிய பாய்லரின் வால்வும் திறந்தது. மாஸ்டர் ஓடிவந்து கத்தினார். நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. கைகட்டி நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன். மனிதன் கத்தினால் காதுதான் வலிக்கும், பிள்ளைகளே.