ஒரு கெடாவுக்கு ஒரு சுவரொட்டி

அம்மாவுக்கு ரத்தம் குறைந்துபோனதில் எனக்கு ஒரே குஷி. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காகத் தினமும் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, போய்க்கொண்டிருந்தவள், மாரியம்மன் நோம்பி வாரத்தில் முழுசாக வீட்டில் இருந்தாள். ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர் சிகிச்சையை நிறுத்திவிட்டார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறினால்தான் மறுபடி கரண்ட், திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஏறாவிட்டால் நாள் தள்ளிக்கொண்டே போகும். கட்டி அதுவரை காத்திருக்காது.

ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாவின் தம்பி, என் மாமன், கிளம்பிவிட்டார். ரத்தம் ஏற எங்கள் பக்கம் சுவரொட்டிதான் மருந்து. ஆட்டின் மண்ணீரல். ஒரு கெடாவுக்கு ஒன்றுதான் இருக்கும். நோம்பிக்கு ஊரெல்லாம் கெடா வெட்டுகிற நாள் என்றால் சும்மாவா? தறிகள் எல்லாம் நின்று, தெருவே கறி வாசமாக இருந்தது. டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் தூக்குப்போசியை மடியில் வைத்து நான் உட்கார, மாமன் வீடு வீடாக நிறுத்தினார்.

“ஏனுங்க, சுவரொட்டி இருக்குதுங்களா? எங்கக்காளுக்கு ரத்தம் ஏறோணுமுங்க.”

“எங்க மாப்பளைக்குன்னு எடுத்து வெச்சிருக்கறமுங்க.”

“உங்க மாப்பளைக்கு இருக்கற ரத்தமே சாஸ்திங்க. போசில போடுங்க.”

சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் போசிக்குள் தளக் தளக்கென்று சத்தம். அம்மாவின் உயிரையே நான் மடியில் வைத்துப் போகிற மாதிரி இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். மாமனும் கூடச் சேர்ந்து கத்தினார்.

வீட்டு கேட்டில் அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் அக்கா. துடியலூரிலிருந்து வந்து, தினமும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள். நோம்பிக்கு வந்த சொந்தமெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலில் நின்றது. ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

“வாங்க, வாங்க. காப்பி குடிங்க. உள்ள மட்டும் போகவேண்டாமுங்க.”

“கூடப் பொறந்தவளைப் பாக்கறதுக்கு உங்ககிட்ட உத்தரவு வாங்கோணுமுங்களா?” என்று பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

“பாக்கலாமுங்க. உங்களுக்குச் சளி போகட்டுமுங்க, அவளுக்கு ரத்தம் ஏறட்டுமுங்க.”

எங்கள் ஊரில் சீக்காளியைப் பார்க்க வந்தால் கட்டில் ஓரம் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரு பாட்டம் அழ வேண்டும். வாசலோடு அனுப்புவது கன்னத்தில் அறைகிற மாதிரி. நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று வாசலிலேயே பேசினார்கள். அத்தை அதற்கும் காப்பி ஊற்றினாள். என்னையும் விடவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். என் சுவரொட்டியை அத்தை வாங்கி, குக்கரில் போட்டு, விசில் மேல் விசில் விட்டாள்.

“செருப்பாட்டம் ஆக்கிப்போட்டீங்களே. நெருப்புல வாட்டிக் குடுத்தாத்தானுங்க சத்து” என்று மாமன் கத்தினார்.

“செருப்பாட்டமே திங்கட்டுமுங்க” என்றாள் அத்தை.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டை மென்றாள். வாந்தி வருகிற முகத்தோடு சிரித்தாள்.

இடுப்பில் வைக்கிற கரண்ட், அங்கே எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கும். ரத்தம் ஊறுவது அந்த மஜ்ஜையில்தான். அம்மாவுக்குக் குறைந்திருந்தது நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள். அதைச் சுவரொட்டி ஏற்றாது. உடம்புக்கு ஓய்வு கொடுத்து, சளி காய்ச்சல் அண்டாமல் காத்தால் தானாக ஊறும். பக்கத்தில் ஒருத்தர் தும்மினாலோ, தின்கிற கறி சரியாக வேகாவிட்டாலோ போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் இதைச் சொன்னபோது உள்ளே இருந்தவள் அத்தை. வந்து எல்லோரிடமும் சொன்னாள். எவனும் காது கொடுக்கவில்லை. பொம்பளை சொன்னால் கேட்க மாட்டார்கள், அதுவும் நாத்தனார் சொன்னால் கேட்கவே மாட்டார்கள். எனக்கே இதெல்லாம் விளங்கியது காலேஜுக்குப் போன பிறகுதான்.

திங்கட்கிழமை எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா முகத்தில் துணி கட்டியிருந்தாள். பஸ்ஸில் அத்தை அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்தாள். ரத்தம் எடுத்துக் காத்திருந்தோம். கதவைத் திறந்து வந்த நர்ஸம்மா, “ஏறிருக்குங்க. இன்னைக்கே கரண்ட் வெச்சரலாம்” என்றாள்.

மாமன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “பாத்தியா கண்ணு, நம்ம சுவரொட்டி” என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் மாமனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

மேலே உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் பக்கம் திரும்பி நின்று அத்தை அழுதுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

தோற்றுப்போய்விட்டாள், அதனால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.