நனைந்த அட்டை

ஆண்ட்வெர்ப்பில் புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைத்தவள் யோசினா. பாவமன்னிப்பை விற்காதீர்கள், வேதத்தை அவரவர் மொழியில் படிக்க விடுங்கள் என்று படித்தவர்கள் சிலர் அச்சிட்டு அவளிடம் கட்டக் கொடுத்திருந்த தாள்களை எரிக்கச் சொல்லித் திருச்சபையின் உத்தரவு வந்தது. எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, அட்டையாக்கித் தோல் போர்த்திவிட்டாள்.

சோதனைக்கு வந்த துறவி மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். கையில் அவள் கட்டிக்கொடுத்த ஜெபப்புத்தகம். மூலையில் தோல் பிரிந்து, உள்ளே ஒட்டிய தாளின் எழுத்து எட்டிப் பார்த்தது.

"அந்தத் தாள் எதுவும் உன்கிட்ட இல்லைன்னு இதுமேல கை வச்சுச் சொல்லு."

அவள் கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்திக்கொண்டாள். "எங்கிட்ட இல்லை, சாமி."

"ஏன் இப்படி அழுத்துற?"

"நாள் முழுக்கத் தோல் ஒட்டி அழுத்துற கை. அழுத்தாம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து சாகும்வரை, மழைநாள் பூசையில் அவள் பலிபீடத்தைப் பார்த்ததே இல்லை. துறவியின் கையிலிருந்த அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.