நாகமலைக்குத் தெற்கே விட்ட செருப்பு

மாசி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, நாகமலையைத் தெற்குப் பக்கம் ஏறி வடக்குப் பக்கம் இறங்கினேன். தனியாகத்தான்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. போன ஆடியில் வலது பாதத்தில் வந்த புண் ஐந்து மாதம் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். "காலைக் காப்பாத்திக் குடு கருப்பா, தனியா நடந்து வந்து ஒன்னயப் பாக்குறேன்" என்று நாகமலைக் கருப்பசாமியிடம் வேண்டிக்கொண்டேன். தை மாதம் புண் மூடிவிட்டது. மெதுவாக நடக்கலாம் என்ற டாக்டர், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: பாதத்தில் உணர்ச்சி இல்லை, முள் ஏறினாலும் தெரியாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. அதற்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு ஒன்று வாங்கினோம். ரூ.1,150.

கிளம்பும்போது வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "சாமி ஒன் செருப்பப் பாக்காது, காலத்தான் பாக்கும். கழட்டிறாத."

காலை 5.50-க்குத் திருநகரில் டவுன் பஸ். பெரியாரில் மாறி, செக்கானூரணியில் இறங்கியபோது 7.20. இரண்டு பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து மலையடிக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

"தனியாவா போறீங்கக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கருப்பன் இருக்கான்ல தம்பி."

"அவரு மேல இருக்காரு. வழியில நாயில்ல இருக்கு!"

நாய் ஒன்றும் இல்லை. சோளம் அறுத்த காடு, தட்டையை மேயும் ஆடுகள், தொலைவில் ஓட்டு வீடு ஒன்று, அவ்வளவுதான். அடிவாரத்து வேப்பமரத்தின் கீழே காவி அடித்த ஒரு கல் கிடக்கிறது. அதற்கு மேலே மலை சாமியுடையது, யாரும் செருப்புப் போட்டு ஏறுவதில்லை. நானும் கழற்றினேன். வீட்டுக்காரர் சொன்னதை மறந்துவிடவில்லை. இப்படி வரும் என்று தெரிந்துதான் தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி கொண்டுபோயிருந்தேன். சாக்ஸ் செருப்பில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஏற்றம் ஒன்றரை மணி நேரம். பாதை தேய்ந்த பாறை, முள் குறைவு. வழி முழுக்க ஓர் ஆள் கிடையாது. கேட்டதெல்லாம் காடையின் சத்தமும் என் மூச்சும்தான். மேலே கருப்பசாமி என்றால் ஓர் அரிவாள், ஒரு மணி, ஒரு விளக்குக் கூண்டு. எண்ணெய் ஊற்றி விளக்கேற்றிவிட்டு மனசு நிறைய அழுதேன். ஐந்து மாதம் அழாததை அங்கே அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேப்பை அடையும் மோரும். தெற்கே பார்த்தால் உசிலம்பட்டி வரைக்கும் செம்மண். வடக்கே சோழவந்தான் பக்கம் தென்னையும் வயலுமாக ஒரே பச்சை.

வடக்கே இறங்கி முடித்தபோது மணி 11.40. அந்தப் பக்கமும் காவிக் கல் உண்டு. அதன் அடியில் பழைய ரப்பர் செருப்புகள் நாலைந்து ஜோடி கிடந்தன. குனிந்து என் செருப்பைத் தேடினேன். காணோம். கல்லைச் சுற்றிவந்து மறுபடி தேடினேன். "சாமி மலையிலயே களவாங்குறானே, வெளங்குவானா" என்று வாய்விட்டுத் திட்டியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. செருப்பு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! பஸ் நேரம், மாத்திரை, மோர் எல்லாம் யோசித்துக் கிளம்பியவள், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் செருப்பு கூடவே வராது என்று யோசிக்கவில்லை.

கீழே கிடந்த செருப்பைத் தொட மனம் வரவில்லை. யாரோ மேலே போயிருப்பார்கள், திரும்பி வந்து தேடமாட்டார்களா? திரும்ப ஏறலாமென்றால் பாறை சுடத் தொடங்கிவிட்டது. முன்னால் தோப்பு வரை ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் கருவேல மரம். சாக்ஸ் அடியில் ஏற்கெனவே நைந்திருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றேன், முழங்கால் அந்த அளவுக்கு மடங்கவில்லை. வலி இல்லாததுதான் அதிக பயம். முள் ஏறியிருந்தாலும் இப்படித்தானே இருக்கும்.

சாப்பாடும் பூசைச் சாமானும் கொண்டுபோன இரண்டு மஞ்சப்பைகளையும் காலுக்கு ஒன்றாக மாட்டி, பையின் காதைக் கணுக்காலில் முடிந்து நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்துத்தான் வைத்தேன். அந்தப் பாதையின் அழகைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை.

தோப்பை ஒட்டி வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் ஓரம் நின்றவள் பெயர் பாண்டியம்மா என்று பிறகு தெரிந்தது.

"யாத்தே! என்னக்கா இது, காலுக்குப் பை மாட்டிக்கிட்டு வாரீக?"

கொடிக்குள்ளிருந்து அவள் வீட்டுக்காரர் குரல்: "என்னடி பையி?"

"கல்யாணப் பைய்யா! மணமக்கள் வாழ்கன்னு எழுதியிருக்கு!"

"மொய்ய இங்கனயே எழுதச் சொல்லு!"

சிரிக்கத்தான் போனேன், அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். வரப்பில் உட்கார வைத்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையில் இரண்டு முள்ளைப் பிடுங்கினாள். மேல் சாக்ஸில் ஒன்று. உள் சாக்ஸை உருவும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வடு இருக்கு. வாய் தொறக்கலக்கா. ஒரு கீறலு இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"பச்சப்புள்ள காலு மாதிரி இருக்கு. போதுமா?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காலை மோட்டார்த் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க்கா, மலையடியில செருப்பு கெடந்துச்சுல்ல?"

"அது யாரோட செருப்போ."

"யாருதும் இல்ல! அங்கிட்டு ஏறி இங்கிட்டு எறங்குறவுக, கெடக்குறதுல ஒண்ண மாட்டிக்கிட்டுப் போவாக. இங்கிட்டு ஏறுறவுக அங்கிட்டு மாட்டுவாக. எம்புட்டுக் காலமா நடக்குது! அதுக்குத்தானக்கா கெடக்கு!"

இதைச் சொல்ல அந்தக் கல்லில் ஒரு வரி எழுதி வைத்தால் என்னவாம்.

வரப்பில் கிடந்த தன் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டாள். கொடிக்காலுக்குள் செருப்புப் போடமாட்டார்கள், அதனால் அது பாதி நாள் சும்மாதான் கிடக்குமாம். "போட்டுக்கிட்டுப் போங்க. எனக்கு வேணும்னா மலையடியில ஒண்ணு எடுத்துக்கிருவேன்." பணம் கொடுக்கப் போனதற்கு ஒரு முறை முறைத்தாள், அதோடு பணப்பையை மூடிவிட்டேன். அரை கிலோமீட்டர் நடந்து மேலக்கால் சாலையில் 1.30 பஸ்ஸைப் பிடித்தேன். மூன்று மணிக்கு வீடு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வண்டியில் தெற்கு அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தோம். கல்லடியில் வேறு யாருடைய செருப்போ கிடந்தது. என்னுடையது இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை டாக்டர் பாதத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். செருப்புக் கதையை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஏழரைக்குள் ஏறத் தொடங்குங்கள், பதினொன்றுக்கு மேல் பாறை சுடும். வழியில் தண்ணீர் இல்லை, இரண்டு லிட்டர் வேண்டும். செல்போன் மேலே மட்டும்தான் எடுக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம், கேட்டாலும் ஏறிய பக்கமே இறங்குங்கள். மற்றவர்கள் கல்லடியில் கிடப்பதில் ஒன்றைத் தைரியமாக மாட்டிக்கொள்ளலாம்.

தெற்கே ஏறப் போகிறவர்கள் அங்கே மெத்தென்ற கறுப்புச் செருப்பு ஒன்றைப் பார்த்தால் எனக்கென்று எடுத்துவர வேண்டாம். யார் காலிலாவது இருக்கட்டும். முள்ளுக்குத் தப்பிய காலின் செருப்பு அது, போட்டவரையும் கருப்பன் பார்த்துக்கொள்வான்.