காசம்மாளின் தூக்குவாளி

காசம்மாளுக்கு வயிறு எரிந்தது. அல்சர் இல்லை. அல்சராக இருந்தால் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள். இது, சித்தப்பன் மகள் விஜயராணி கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியதால் வந்த எரிச்சல். இதற்கு மாத்திரை கிடையாது.

ஓடைமேட்டில் இருளர் வீடு பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதிலும் ஸ்டேஷனைப் பார்க்காத ஆம்பளை ஒருத்தர் கிடையாது. எந்தக் கரும்புக் கொல்லையில் மோட்டார் ஒயர் காணாமல் போனாலும் ஜீப்புக்கு வழி தெரிவது இங்கேதான். ஜீப் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால் ஊரில் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. காசம்மாள் உலை வைப்பாள். தூக்குவாளியில் சோறு, மேல் கிண்ணத்தில் குழம்பு. மூணு கிலோமீட்டர் நடந்து ஸ்டேஷன் கேட்டில் நிற்பாள். "எங்க ஆளு உள்ள இருக்காரா?" என்று கேட்டால் பதில் வராது. வாளியை நீட்ட வேண்டும். வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார். "எடுத்துகினு போ" என்றால் வேறு ஸ்டேஷன், மறுபடி நடை. இருபது வருஷமாகக் காசம்மாள் பார்க்கிற உத்தியோகம் இது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

இந்த வருஷம் ஸ்டேஷனில் பொதுமக்கள் ஆலோசனைக் குழு என்று ஒன்று போட்டார்கள். பழங்குடிக்கு ஒரு இடம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னதும் காசம்மாள் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் வந்தவர் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டாவது பாஸ் ஆகியிருக்க வேண்டுமாம். காசம்மாள் பள்ளிக்கூடம் போனது மதியச் சோற்றுக்கு. தின்று முடித்ததும் வரப்பில் வளை வெட்டி எலி பிடிக்கப் போய்விடுவாள்.

விஜயராணி பன்னிரண்டாவது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஜீப் வருகிற நேரத்தில் அவள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவைகூட வாளி தூக்கியதில்லை. அவளுக்குத்தான் சேர்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் விஜயராணி வந்து கேட்டாள். "அக்கா, அங்க இன்னா பேசணும்? நீதான எல்லாம் பாத்தவ."

"படிச்சவ உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிவிட்டு, காசம்மாள் சுத்தமாக இருந்த சட்டியை மறுபடி தேய்த்தாள்.

காலையில் கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் போனாள். "போய்ட்டு வரேன்க்கா."

"போ போ. சேர்ல ஆணி கீணி நீட்டிகினு இருக்கும், பாத்து குந்து."

அவள் போனதும் புருஷன் பச்சையப்பன் சிரித்தான். "உனுக்கு அந்த சேர் மேலதான்டி கண்ணு."

"எனுக்கா? தூ! தரையில குந்துனா எனுக்கு இடுப்பு வலிக்குதா இன்னா?"

பதினோரு மணிக்கு மீட்டிங். ஒரு மணி ஆனது. "பஜ்ஜி துன்னுகினு இருப்பா" என்றாள் காசம்மாள். இரண்டு மணி ஆனது. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். இரண்டே காலுக்கு அவள் கை அரிசி களைந்துகொண்டிருந்தது. அதை யாரும் களையச் சொல்லவில்லை. ஓடைமேட்டு ஆள் ஒன்று ஸ்டேஷனுக்குள் போய்த் திரும்பி வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

வாளியோடு பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அடச்சே, அவளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லையே! போனது மீட்டிங்குக்கு அல்லவா? காசம்மாள் நின்றாள். கரும்புக் கொல்லையைப் பார்த்தாள். பாதி வழியில் திரும்பி அவளுக்குப் பழக்கமில்லை. நடந்தாள்.

கேட்டில் ஏட்டு சேவியர். அவருக்கு வாளியை நன்றாகத் தெரியும். "இன்னா காசம்மா, இன்னிக்கி யாரையும் புடிக்கலயே."

"எங்க பொண்ணு உள்ள இருக்காளா?"

"அது மீட்டிங்மா! எஸ்.ஐ. வந்ததே ரெண்டு மணிக்கி. டீ, சமோசா எல்லாம் குடுத்தாச்சி."

காசம்மாள் வழக்கம்போல வாளியை நீட்டினாள். சேவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயே உள்ள போய்க் குடு, போ."

இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் காசம்மாள் அந்தக் கேட்டைத் தாண்டினாள்.

உள்ளே வட்டமாகச் சேர்கள். விஜயராணி ஒரு சேரின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. கேட்டுக்கொண்டிருந்தார். "காரணமில்லாம உங்க ஆளுங்கள கூட்டியாறோம்னு சொல்றீங்க. எத்தினி தடவ? எப்போ? எங்க ரெக்கார்டுல இந்த வருஷம் ரெண்டுதான் இருக்கு."

விஜயராணி வாயைத் திறந்தாள், மூடினாள். எதிர் சேரில் கரும்புக்காரர் அரங்கநாதன், "பொத்தாம்பொதுவா பேசுனா எப்டிம்மா?" என்று காலை ஆட்டினார்.

வாசலில் நின்ற காசம்மாளுக்கு வயிறு குளுகுளு என்று ஆனது. முழி, நல்லா முழி. கிளிப்பச்சை கட்டிக்கொண்டு வந்தால் ஆச்சா? அந்தச் சுகம் எவ்வளவு நேரம் இருந்தது என்றால், புடவைக்குக் கீழே விஜயராணியின் கால் தெரிகிற வரைக்கும்தான். செருப்பில்லை. வட்டத்தில் எல்லார் காலிலும் செருப்போ ஷூவோ இருந்தது. இவள் மட்டும் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஓடைமேட்டு ஆள் ஸ்டேஷனுக்குள் செருப்புப் போட்டதில்லை. பன்னிரண்டாவது படித்த காலுக்கும் அது தெரிந்திருக்கிறது.

"பொங்கலுக்கு மறாநாளு கருவாட்டுக் கொழம்பு" என்றாள் காசம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள். "இன்னாம்மா?" என்றார் எஸ்.ஐ.

"அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு. ரெண்டு நாளு வெச்சிருந்தீங்க. மாசி மகத்தன்னிக்கி முருங்கக்கீர. அது பக்கத்து வூட்டு கலைச்செல்வன். சித்திரையில ஒரு நாளு நண்டுக் கொழம்பு, அன்னிக்கி மூணு பேரு. அது உள்ள போறதுக்குள்ள நண்டுக் காலக் காணோம், அது வேற." சேவியர் சுவர்க் காலண்டரை ஆராய ஆரம்பித்தார். காசம்மாள் விடவில்லை. கத்தரிக்காய், மொச்சை, வெறும் மோர் என்று வரிசையாகச் சொன்னாள். "ஒம்போது தபா சார். ஒம்போது தபாவும் வாளிய வாங்கிகினாங்க. ஆளு இல்லாம சோறு எதுக்கு வாங்குனாங்க?"

எஸ்.ஐ. திரும்பினார். "சேவியர்?"

"நண்டு... ஆமா சார்."

அரங்கநாதனின் கால் நின்றது. எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். "எழுதிக்கங்க. இனிமே கூட்டியாந்தா அன்னிக்கே பதிவு பண்ணணும்."

நோட்டில் குறிப்பு எழுதுகிற போலீஸ்காரர் கேட்டார், "யார் சொன்னதா எழுதறது சார்?"

"மெம்பர் பேர்லதான் எழுதணும்."

அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்: 'உறுப்பினர் விஜயராணி தெரிவித்தார்.' காசம்மாளுக்கு வயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

வெளியே வந்ததும் கேட்டருகே கிடந்த செருப்பைக் காலால் தள்ளிவிட்டாள். "போட்டுக்க. அடுத்த தபா இத்தோட உள்ள போ. மெம்பராம் மெம்பரு."

"பசிக்குதுக்கா."

"சமோசா குடுத்தாங்களாமே?"

"எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. வாய்ல போவல."

கரும்புக் கொல்லை நிழலில் குந்தி வாளியைத் திறந்தார்கள். விஜயராணி அள்ளி அள்ளித் தின்றாள். "அக்கா, கொழம்புல உப்பு இல்ல."

"உறுப்பினர் விஜயராணி தெரிவித்தார்" என்றாள் காசம்மாள்.

விஜயராணிக்குப் புரை ஏறியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் நீயும் வாக்கா. நான் சொல்லி வெக்கிறேன்."

"எனுக்கு வேற வேல இல்ல?"

காலி வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஓடைமேடு தெரிகிற இடத்தில் காசம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"சேர் எல்லாருக்கும் இருந்திச்சா?"

"ரெண்டு காலியாதான்க்கா கெடந்திச்சி."

"ஃபேனுக்குக் கீழயா?"

"ஃபேனுக்குக் கீழ நான் குந்தியிருந்தேன்."

"அதான பாத்தேன்" என்றாள் காசம்மாள்.