கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கருப்பையா மாமா கவ்வாத்துக்காரர். முற்றிப்போன தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. வெட்டு சாய்வாக விழ வேண்டும். மழைத்தண்ணீர் தங்கினால் கிளை அழுகிவிடும். அவர் வெட்டிய குச்சி ஒவ்வொன்றும் நுனி கூராக நிற்கும். அவர் கத்திக்கு ஈடு கிடையாது என்று தோட்டத்துத் துரையே சொல்வார்.

மலைத்தோட்டத்தில் சமதளம் ஏது? தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு விளையாட்டுத் திடல். வருடா வருடம் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம் அங்கேதான். முடிவுக் கயிற்றைத் தாண்டினால் நாலு அடியில் தேயிலைச் சரிவு. வேகத்தை அடக்க முடியாமல் போய்ச் செடிமேல் விழுவோம். மெத்தை போலத் தாங்கிக்கொள்ளும். அப்படி விழுவதற்காகவே நான் ஓடுவேன். வேலி போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செடிதான் இருக்கிறதே!

1974இல், போட்டிக்கு முந்திய வாரம், அந்தச் சரிவை மாமா வெட்டி முடித்திருந்தார்.

அன்று கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவரும் அவர்தான். பெண்பிள்ளைகள் ஓட்டத்தில் என் அக்கா ருக்குமணி முதலாவதாக வந்தாள். பதினொரு வயது. கயிறு அவள் நெஞ்சில் பட்டதும் கைதட்டினோம். ஓடிய வேகத்தில் அவளால் நிற்க முடியவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் அலறல் கேட்டது. தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

லயத்து வீடுகளில் எல்லோரும் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். கொழுந்து பறிக்கப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனதோடு சரி.

அதன்பிறகு மாமா வருடந்தோறும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கைகளை விரித்து, ஓடிவரும் பிள்ளைகளை மார்பில் வாங்கிக்கொள்வார். செடி அடர்ந்து வளர்ந்த வருடங்களிலும் நின்றார். கிறுக்கு என்று சிரித்தார்கள்.

1986இல் வேலையை விட்டு, கோலா தெர்லாவில் இருந்த மகன் வீட்டுக்குப் போகும் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். குடிக்கவில்லை.

"தாயி, ஒன்னு சொல்லணும். அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். குச்சியெல்லாம் கூரா நிக்குது, ஓட்டத்த எதிர்ப்பக்கமா திருப்பி விடலாம்னு ஆபீஸ் கிராணிகிட்ட சொன்னேன். தொரைக்கு இங்க நாற்காலி போட்டாச்சு, பேசாம போன்னு ஏசிட்டாரு. நான் ஒரு தடவ சொன்னேன் தாயி..."

பன்னிரண்டு வருடமாக அவர் நெஞ்சில் கிடந்தது அது. சொல்லி முடித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். மன்னித்துவிடுவாள் என்றுதான் நினைத்திருப்பார். எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கா அவர் குடிக்காத தேத்தண்ணியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"யாருக்குமே தெரியாம நடந்துபோச்சுன்னுதான் மாமா இத்தன வருசமா மனசத் தேத்தி வச்சிருந்தேன்," என்றாள். "தெரிஞ்சுமா என்னைய ஓட விட்டீங்க?"

வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் எழுந்து போனார்.