மாக்கரோனியில் ஏறிய ஆடு

என் அத்தையின் கையை யாராவது ஆசையாகப் பிடித்தால் அடுத்த நொடியே விட்டுவிடுவார்கள். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத்தான் இப்படி ஆனது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மாமா. அத்தையின் கையைத் தின்றது பெட்ரோலுக்குத் தங்கை முறையாகிற ஒரு திரவம். எண்ணெய்ப் பசை எங்கே இருந்தாலும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். மாவில் இருந்தாலும் சரி, மனுஷத் தோலில் இருந்தாலும் சரி.

மாமா பேருந்து ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது.

"பழைய கதவைச் சுரண்ட ஆள் தேடிட்டிருந்தேன். நீ வந்து ரெண்டு தடவு தடவிட்டுப் போயேன்" என்பார்.

"முதல்ல உங்க வாயத் தடவறேன். இங்க வாங்க" என்பாள் அத்தை.

அத்தைக்கு வேலை மாவு சோதிக்கும் ஆய்வகத்தில். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதன் மாடியில் நீளமாக ஒரு அறை. ஒரு பக்கம் கண்ணாடி ஜாடிகள், இன்னொரு பக்கம் சாம்பிள் அடுக்கும் அலமாரி, மூலையில் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய மெஷின். படிப்பு முடிந்த கையோடு அங்கே சேர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் வேறு எங்கும் போகவில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா.

ஸ்டீராய்டு சம்பந்தமான வேலை என்று யாரோ சொல்லிவைக்க, எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் வாசலில் வந்து நின்றான். உடம்பை முறுக்கேற்ற நாள் முழுக்க எடை தூக்குகிறவன்.

"ஆன்ட்டி, உங்க ஆபீஸ்ல கொஞ்சம் மிச்சம் மீதி இருந்தா..."

"இருக்கே. எல்லாம் கோதுமையில இருந்து எடுத்தது. உனக்குப் போட்டா தவிடுதான் வரும், பரவாயில்லையா?"

அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அவள் வேலை என்ன என்று எனக்கு ஒழுங்காகப் புரிந்த அன்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அவ்வளவு அழகு அது! எல்லா மாவும் பார்க்க வெள்ளைதான். ஆனால் ஒவ்வொரு தானியத்திலும் துளியூண்டு எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயில் ஸ்டீரால் என்று ஒரு வகைப் பொருள், நம் உடம்பிலுள்ள ஸ்டீராய்டுகளுக்குப் பங்காளி. எந்தத் தானியத்தில் எந்த ஸ்டீரால் எவ்வளவு, எதோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பது தானியத்துக்குத் தானியம் மாறும். தானியத்தின் முகத்தை மாவாக அரைத்துவிடலாம், இதை அரைக்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்கிற வழிக்குப் பெயர்தான் குரோமட்டோகிராபி. மாவிலிருந்து எடுத்த எண்ணெயில் ஒரு பொட்டு எடுத்து, வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் வைப்பாள். தட்டை ஒரு ஜாடியில் கொஞ்சம் திரவத்தில் நிற்க வைப்பாள். துணி நுனியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி திரவம் மெல்ல மேலே ஏறும். போகிற வழியில் எண்ணெயிலுள்ள பொருள்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்று சீக்கிரம் நின்றுவிடும், ஒன்று உச்சி வரை போகும். பிறகு மருந்து தெளித்துச் சூடாக்கினால் நின்ற இடத்திலெல்லாம் கருநீலப் புள்ளிகள்.

மாக்கரோனி செய்ய நல்லது கெட்டிக் கோதுமை. அதில் விலை குறைந்த சாதாரணக் கோதுமையைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, தட்டுக்குத் தெரியும். சாதாரணக் கோதுமையில் மட்டும் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று நிற்கும். கெட்டிக் கோதுமையில் அந்த இடம் கிட்டத்தட்டக் காலி. அத்தை அந்த இடத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்தால் பல ஆலைகளின் சரக்கு வெளியே போயிருக்கிறது, சிலருடையது போகாமலும் நின்றிருக்கிறது.

அப்படி நின்றதில் ஒன்றுதான் இந்தக் கதை.

ஒரு மாக்கரோனிக்காரர். மனைவியும் மச்சானும் இன்னும் சிலருமாகச் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆலை. பாக்கெட்டில் 'முழுக்கக் கெட்டிக் கோதுமை' என்று அச்சடித்திருந்தார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை அவரிடம் வாங்க ஆரம்பித்தது. கடைக்காரர்கள் வழக்கம்போல ஒரு பாக்கெட்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அத்தை தட்டு போட்டாள். உச்சியில் புள்ளி. திரும்பப் போட்டாள். திரும்பவும் புள்ளி. கொஞ்சம் இழுவிக்கொண்டு, தடித்த மாதிரி தெரிந்தது. ஆனாலும் புள்ளி புள்ளிதானே. 'கலப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறிக்கை அதிகாரிகள் கைக்குப் போனதும் ஆலைக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

மாக்கரோனிக்காரர் மறு சோதனை கேட்டு எழுதிக் கொடுக்க நேரில் வந்தார். சட்டையெல்லாம் மாவு, கதவைப் பூட்டியதும் அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்.

"அம்மா, கலக்கறதுக்கு எங்கிட்ட வேற மாவே கிடையாதும்மா. ஒரே மூட்டை, ஒரே மில்லு. நான் எதுல போய் எதக் கலக்கறது?"

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றாள் அத்தை. சிடுசிடுப்பாக இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

"சொல்லுவாங்கம்மா. ஆனா நான் நெஜமாவே சொல்றேன். மறுபடியும் அதேதான் வந்துச்சுன்னா லைசென்ஸ் போயிடும். அப்புறம் நான் ஆலைய வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

"தட்டுல என்ன தெரியுதோ அதைத்தான் எழுதுவேன். உங்களுக்காகவும் மாத்த மாட்டேன், கடைக்காரங்களுக்காகவும் மாத்த மாட்டேன்."

மறு சோதனைக்கென்று சீல் வைத்துத் தனியாக எடுத்துவைத்த இன்னொரு பாக்கெட் இருந்தது. அத்தை அதைப் பிரித்தாள், தட்டு போட்டாள். அதே இடத்தில் அதே புள்ளி! ஆனால் மறு சோதனை என்றால் தட்டோடு விட முடியாது. அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்து, காரக் கரைசலில் கொதிக்க வைத்து, மூலையிலிருக்கும் மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. மெஷின் புள்ளிக்குள் இருக்கிற ஸ்டீராலைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு வரைந்து கொடுக்கும். சாதாரணக் கோதுமை கலந்திருந்தால் கோதுமையின் ஸ்டீரால் பெரிய கூம்பாக வர வேண்டும்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவனை எல்லோரும் ஆணி என்பார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. தலை மட்டும் பெரிசு. அவன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், திரும்பவும் தாளைப் பார்த்தான்.

"அக்கா, இதுல கோதுமை எங்கக்கா?"

"ஏன், காணாமப் போயிடுச்சா?"

"கொஞ்சூண்டு இருக்கு. பெரிய கூம்பு கொலஸ்ட்ரால். மாவுல எப்படிக்கா கொலஸ்ட்ரால்? மாக்கரோனிக்காரர் உள்ள ஆட்டப் போட்டு அரைச்சிட்டாரா?"

அத்தை சிரிக்கவில்லை. கொலஸ்ட்ரால் மிருகத்தின் ஸ்டீரால், செடியில் அது அநேகமாக இருக்காது. அப்படியானால் முட்டை சேர்த்திருப்பாரோ? ஆணி உடனே போன் போட்டு மாக்கரோனிக்காரரிடம் கேட்டான்.

"முட்டையா? தம்பி, எங்க ஆலைக்குள்ள கோழி எட்டிக்கூடப் பாத்ததில்ல" என்றார் அவர்.

"முட்டை இல்லடா" என்றாள் அத்தை. முட்டையிலிருந்து வருகிற கொலஸ்ட்ராலில் முக்கால்வாசி தட்டின் நடுவிலேயே நின்றுவிடும், உச்சிக்குப் போகாது. நடுவில் ஒன்றையும் காணோம். "அந்தக் கடைசியில இருக்கிற கூம்பு எது?"

"அது எந்த மாவுலயும் வராதுக்கா. லிஸ்ட்ல தேடிட்டிருக்கேன்... இருங்க... லனோஸ்டீரால். கம்பளி ஆட்டு முடியில இருக்கிற கொழுப்புல வர்றது. பாத்தீங்களா, நான் ஆடுன்னு சும்மா சொன்னேன், நெஜமாவே ஆடு!"

அவன் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் முன்னால்தான் மாமா ஒரு கை க்ரீம் வாங்கி வந்திருந்தார். வட்ட டப்பா, மூடியில் ஒரு கொழுத்த ஆடு, உள்ளே அதன் முடியிலிருந்து எடுத்த கொழுப்பு. கேலி பண்ணிப் பண்ணி அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவரே திறந்து நீட்டுவார். அத்தையும் வெடிப்பெல்லாம் மூடுகிற மாதிரி அழுத்தித் தேய்த்துக்கொண்டு போவாள்.

அதனால் என்ன, ஆய்வகத்தில் கையுறை இல்லையா? இருக்கிறது. ஆனால் மாக்கரோனிக்கு மட்டும் அங்கே ஒரு பழக்கம். மற்றதெல்லாம் மாவாகவே வரும், கரண்டியால் எடுத்தால் போதும். மாக்கரோனியைச் சின்ன அரவை மெஷினில் போடும் முன் கையால் ஒடிக்க வேண்டும். ஒடித்த முனை கத்தி மாதிரி, கையுறையைக் கிழித்துவிடும். கிழிந்த துணுக்கு சாம்பிளில் விழுந்தால் அது வேறு தலைவலி. அதனால் எல்லோரும் கையை நன்றாகக் கழுவிவிட்டு வெறும் கையால்தான் ஒடிப்பார்கள். அத்தையும் கழுவினாள். ஆனால் ஆட்டுக் கொழுப்பு தண்ணீருக்கு மசிகிற ரகம் இல்லை. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்த நல்ல மாவெல்லாம் கரண்டியில் வந்தவை. அதனால் மாக்கரோனி ஏறிய வரிசையில் மட்டும் புள்ளி.

அத்தை புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். தன் ஆள்காட்டி விரலைத் திரவத்தில் நனைத்து, அந்தச் சொட்டைத் தட்டின் அடியில் வைத்தாள். ஜாடியில் நிற்க வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். மருந்து தெளித்துச் சூடாக்கியதும் உச்சிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றது, இழுவிக்கொண்டு, தடித்து, அதே புள்ளி.

ஆணியின் சிரிப்பு போய்விட்டது. "அக்கா..."

"சுத்தியல எடு" என்றாள் அத்தை.

மீதி மாக்கரோனியைச் சுத்தமான கவரில் போட்டு, கை படாமல் ஆணியே அடித்து நொறுக்கினான். அவனே அரைத்தான், அவனே பொட்டு வைத்தான். உச்சி காலியாக இருந்தது. கெட்டிக் கோதுமை, சுத்தக் கெட்டிக் கோதுமை. மனுஷர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அத்தை அலமாரிக்குப் போய், அந்த டப்பா வீட்டுக்கு வந்த பிறகு தான் சோதித்த மாக்கரோனி எது எது என்று எடுத்து வெளியே வைத்தாள். இன்னொருத்தருக்கும் 'கலப்பு உண்டு' என்று கொடுத்திருந்தாள். அதையும் சுத்தியலால் உடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஆள் நிஜமாகவே கலந்திருந்தார்!

பிறகு மேடத்தின் அறைக்குப் போனாள். ஆய்வகத்துக்குத் தலைவி அவர், நல்ல மாதிரி, அத்தைக்கு மரியாதை கொடுப்பவர்.

"இதுக்கு ஏன் இவ்வளவு படபடப்பு? மறு சோதனையில கலப்பு இல்லைன்னு எழுதிடுங்க. லைசென்ஸ் தப்பிச்சுது. முடிஞ்சுது" என்றார் மேடம்.

"முடியாது மேடம். அப்படி எழுதினா, முதல் பாக்கெட்ல கலந்தான், மாட்டினதும் உஷாராகிட்டான்னுதான் கடைக்காரங்க நினைப்பாங்க. அவர்கிட்ட வாங்கவே மாட்டாங்க. முதல் ரிப்போர்ட்டே தப்புன்னு எழுதணும். ஏன் தப்புன்னும் எழுதணும்."

"என்னன்னு எழுதுவீங்க? கை க்ரீம்னா? ஊரே சிரிக்கும். நம்ம ஆய்வகம் பேர் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"சிரிச்சா என்னைப் பாத்துத்தானே சிரிக்கப்போறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

மேடம் அந்த விரல் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூடியில ஆடு படம் போட்டிருந்துச்சா?" என்று கேட்டார். அத்தை தலையாட்டினாள். மேடத்துக்கே சிரிப்பில் உதடு துடித்துவிட்டது. பிறகு, "எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அறிக்கையை வாங்க மாக்கரோனிக்காரர் வந்தபோது அத்தையே வாசித்துக் காட்டினாள். அவர் காலில் விழவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. கோபம்தான் வந்தது.

"ஒரு டப்பா க்ரீமாம்மா? என் பொண்டாட்டி தெருவுல தலை நிமிந்து நடக்கல. என் மச்சான் வேற வேலை தேடிப் போயிட்டான். எல்லாம் ஒரு டப்பா க்ரீமுக்கா?"

"ஆமாங்க. என் தப்புதான்."

அவர் இன்னும் திட்ட வாயெடுத்தவர், அத்தையின் கையைப் பார்த்து நிறுத்தினார். மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். க்ரீமை விட்ட பிறகு பழைய வெடிப்பெல்லாம் திரும்ப வந்திருந்தது. அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மாமாதான் ரொம்பச் சுருங்கிப்போனார். "ஆசையா ஒண்ணு வாங்கித் தந்தேன், அது ஒரு ஆலையவே மூடிடுச்சு" என்று டப்பாவைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனார். அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

"எதுக்கு வீசறீங்க? லீவு நாள்ல போட்டுக்கறேன். அன்னிக்கு நான் யாரோட மாக்கரோனிய ஒடிக்கப் போறேன்?"

இப்போது அந்த ஆய்வகத்தில் யாரும் மாக்கரோனியைக் கையால் ஒடிப்பதில்லை, சுத்தியல்தான். இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. எந்த மாக்கரோனித் தட்டானாலும் கடைசி வரிசை சோதிப்பவரின் விரலுக்கு. நனைத்து ஒரு சொட்டு வைத்தாக வேண்டும். மேடமே ஒருநாள் தட்டு போட்டபோது தன் விரலை நனைத்தார். ஆணி அந்த வரிசைக்கு ஆடு என்று பெயர் வைத்தான், அப்படியே நிலைத்துவிட்டது.

கடைக்காரர்கள் மாக்கரோனிக்காரரிடம் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். மச்சானும் திரும்பி வந்துவிட்டான். புதுச் சரக்கின் சாம்பிளை ஒரு திங்கட்கிழமை காலையில் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அத்தை சூடு ஆறாத தட்டோடு கதவைத் திறந்ததும் எழுந்து நின்றார்.

"என்னம்மா, ஆடு ஏறுச்சா?"

முந்தின நாள் லீவு. மாமா டப்பாவைத் திறந்து நீட்டியிருந்தார்.

"ஏறுச்சு" என்று அத்தை தட்டைத் திருப்பிக் காட்டினாள். "என் வரிசையில மட்டும்."